ஒளியியலில் மேற்படிப்பு: கோத்தகிரி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். ஊட்டியில் பி.எஸ்ஸி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். சென்ற ஆண்டு கல்லூரியிலிருந்து கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே திரையில் விழுந்த சூரியனின் பிம்பம் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்ததும், நிறமாலையில் கருங்கோடுகள் தெரிந்ததும் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒளியியலில் மேற்படிப்புப் படிக்க விரும்புகிறேன். சமவெளியில் ஒரு தனியார் கல்லூரி 'எம்.எஸ்ஸி. ஃபோட்டானிக்ஸ்' நடத்துகிறது, இரண்டாண்டுக் கட்டணம் மூன்று லட்சத்தைத் தாண்டும். அதில் சேர்வதா, பொதுவான எம்.எஸ்ஸி. இயற்பியலில் சேர்வதா? பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள், கணிதம் சுமார்தான். ஒளியியல் என்றால் என்ன, ஃபோட்டானிக்ஸ் என்றால் என்ன? மூக்குக் கண்ணாடிக் கடை வைக்கிற படிப்பா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கொச்சியில் உள்ள ஃபோட்டானிக்ஸ் பள்ளி எனக்குப் பொருந்துமா? அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பெரியப்பா ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். "வெளிச்சத்தை நம்பின பொழப்பு என்ன ஆச்சுன்னு பார்த்தவன் நான்" என்கிறார். அவர் சொல்வது சரிதானா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். பெரியப்பாவுக்குப் பதில் சொல்லாமல் உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஓர் அடிகூட நகராது என்று நினைக்கிறேன்.

பெரியப்பா வேலை பார்த்த ஃபிலிம் தொழிற்சாலையான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டு, 1967-இல் உற்பத்தியில் இறங்கியது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1969-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் சி.சி.டி. என்னும் சிலிக்கான் ஒளி உணரியை வடிவமைத்தார்கள். அதற்காக 2009-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஃபிலிமின் மீது நூறு ஃபோட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், விழுந்தால் அவற்றுள் ஒன்றோ இரண்டோதான் பதிவாகும், நல்ல சி.சி.டி.யில் எண்பதுக்கு மேல் பதிவாகும். இந்த வேறுபாட்டின் முன்னால் எந்தத் தொழிற்சாலையும் நின்றிருக்க முடியாது. ஆகவே பெரியப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. செத்துப்போனது ஒரு சரக்கு. ஒளியை எப்படிப் பிடித்து வைப்பது என்ற கேள்வி சாகவில்லை. கொடைக்கானலில் நூறாண்டுக்கும் மேலாகக் கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலும் எடுத்துச் சேர்த்து வைத்த சூரியப் படங்களை இன்று சி.சி.டி. கேமராவைக் கொண்டுதான் எண்ணிம வடிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். வெள்ளி உப்புப் பூச்சை மட்டும் அறிந்திருந்தவருக்கு அந்த மாற்றத்தில் இடம் இல்லாமல் போனது. ஒளி ஓர் எலக்ட்ரானை எப்படி எழுப்புகிறது என்று அறிந்திருந்தவர் மேசை மாறி உட்கார்ந்திருக்க முடியும். நீங்கள் எந்தப் படிப்பில் சேர்வது என்பதையும் இதே அளவுகோலால்தான் அளக்கப்போகிறேன்.

ஒளியியல் என்றால் என்ன, ஃபோட்டானிக்ஸ் என்றால் என்ன என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். (மூக்குக் கண்ணாடிக் கடை வைக்கிற படிப்பா என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது ஆப்டோமெட்ரி; வேறு துறை, அதுவும் நல்ல துறை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு நானும் பதில் சொல்லி வருகிறேன்.) வரையறை சொல்வதைவிட அப்பா வேலை செய்யும் இடத்திலிருந்தே விளக்குகிறேன். உங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் தேயிலைத் தூளிலிருந்து காம்பையும் நாரையும் பிரிக்கக் கலர் சார்ட்டர் வைத்திருக்கிறார்கள். தூள் சரிவில் வழிந்து விழும்போது எல்.இ.டி. விளக்குகள் அதன்மேல் ஒளியைப் பாய்ச்சுகின்றன. ஒரே வரியாகப் படமெடுக்கும் கேமரா, விழுகிற ஒவ்வொரு துணுக்கும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்கிறது. காம்பு வெளிறிய நிறமாதலால் கூடுதல் ஒளியைத் திருப்பும். அடுத்த சில மில்லி விநாடிகளுக்குள் கீழே இருக்கும் காற்றுக் குழாய் திறந்து அந்தத் துணுக்கை மட்டும் ஊதித் தள்ளுகிறது. இதில் அகலம் முழுவதும் ஒளி சீராக விழச் செய்வதும், லென்ஸின் ஓரத்தில் பிம்பம் கோணாமல் பார்த்துக்கொள்வதும் ஒளியியல். எல்.இ.டி. எந்த அலைநீளத்தில் ஒளிர வேண்டும், உணரியில் விழும் ஃபோட்டான் எப்படி மின்னோட்டம் ஆகிறது என்பது ஃபோட்டானிக்ஸ். லேசர், ஒளி இழை, சிலிக்கான் சில்லுக்குள் ஒளியை வழிநடத்துவது எல்லாம் இந்த இரண்டாவது வீட்டைச் சேர்ந்தவை. இடையில் சுவர் எதுவும் இல்லை. வேலைக்குப் போகிற இடத்தில் இரண்டையும் கேட்பார்கள்.

இனி நீங்கள் கண்ட நடுக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான், ஏனென்றால் உடன் வந்தவர்கள் சூரியனைப் பார்த்திருப்பார்கள், நீங்கள் பிம்பத்தைப் பார்த்திருக்கிறீர்கள். கொடைக்கானலில் உள்ள சுரங்கத் தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தின் உச்சியில் இருக்கும் ஆடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து ஒளியைக் கீழே அனுப்ப, அங்கே இன்னோர் ஆடி அதைக் கிடைமட்டமாகத் திருப்பிச் சுரங்கத்துக்குள் விடுகிறது; 38 செ.மீ. விட்டமுள்ள லென்ஸ் ஒன்று அதைக் குவிக்கிறது. அதன் குவியத்தூரம் சுமார் 36 மீட்டர். சூரியனின் கோண விட்டம் ஏறத்தாழ 0.0093 ரேடியன். இரண்டையும் பெருக்குங்கள், 33 அல்லது 34 செ.மீ. வரும்; திரையில் விழும் பிம்பத்தின் அளவு அவ்வளவுதான். இது பிளஸ் டூ கணக்கு. அதே லென்ஸ், விளிம்பு விளைவை (ஒளி விளிம்புகளில் வளைந்து பரவுவதை) மட்டும் கணக்கில் கொண்டால், பச்சை ஒளியில் ஒரு வில்விநாடியில் (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் அதில் ஒன்று) மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் மலைமேல் வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, வெப்பமும் குளிருமாய்க் காற்று கலங்கி, அதன் ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே இருப்பதால், சமதளமாக வந்து சேர வேண்டிய அலைமுகப்பு கசங்கி வருகிறது. அதைத்தான் நீங்கள் நடுக்கமாகக் கண்டீர்கள். அந்தக் கசங்கலை நொடிக்குப் பல நூறு முறை அளந்து, வளையக்கூடிய ஆடி ஒன்றை அதற்கு எதிராக வளைத்து நேராக்குவது தகவமைப்பு ஒளியியல் என்னும் தனிக் கிளை. அதில் முனைவர் பட்டம் வரை போகலாம்.

கருங்கோடுகளைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1907-இல் கொடைக்கானலுக்கு வந்தவர். 1909-இல் சூரியப் புள்ளியின் கரிய நடுவைச் சுற்றியுள்ள அரைநிழல் பகுதியில் அந்தக் கோடுகள் மிகச் சிறிதளவு இடம்பெயர்வதைக் கண்டு, வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்று காட்டினார். விநாடிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகம் என்று வைத்து டாப்ளர் விளைவை (மூலம் நகர்வதால் அலைநீளம் மாறுவதை) கணக்கிட்டால், 6300 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளத்தில் கோடு நகர்வது 0.04 ஆங்ஸ்ட்ராம் அளவுதான். அதைப் பார்க்கும் நுட்பத்துக்கு நிறமாலை வரைவியைத் தம் கையாலேயே செம்மைப்படுத்தத் தெரிந்தவர் அவர். இன்றும் உலகெங்கும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. கருவியைத் தொடத் தெரியாத ஒருவருக்கு அந்தக் கண்டுபிடிப்பு வாய்த்திருக்காது.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில் இது: பொதுவான எம்.எஸ்ஸி. இயற்பியலில் சேருங்கள், ஆனால் கைவைத்துச் செய்யக்கூடிய ஒளியியல் ஆய்வகம் உள்ள துறையாகப் பார்த்துச் சேருங்கள். ஃபோட்டானிக்ஸில் தனிப்படிப்பை அதற்கு அடுத்த படியில் வைத்துக்கொள்ளலாம். பெயரில் ஃபோட்டானிக்ஸ் இருப்பதற்காக மூன்று லட்சம் கொடுக்க வேண்டியதில்லை. பெயர் சில இடங்களில் இடைஞ்சலாகவும் முடியும். தமிழ்நாட்டில் ஆசிரியர் பணிக்கோ உதவிப் பேராசிரியர் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது, பட்டத்தின் பெயர் பாடத்தின் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பட்டங்களும் சமமானவை என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணையைக் கேட்பார்கள். அது இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். எம்.எஸ்ஸி. இயற்பியல் என்ற பெயருக்கு அந்தச் சிக்கல் வராது.

ஆய்வகத்தை எப்படிப் பார்ப்பது? விளம்பரத் தாளில் உள்ள படத்தை நம்பாமல் ஒரு நாள் நேரில் போய் வாருங்கள். இரண்டாமாண்டு மாணவர் யாரையாவது தனியே கண்டு, இந்தப் பருவத்தில் நீங்களே ஒழுங்கு செய்த ஒளியமைப்பு எது என்று கேளுங்கள். 'சார் வைத்துக் கொடுத்தார், நாங்கள் அளவு எடுத்தோம்' என்று சொன்னால் யோசியுங்கள். லென்ஸ் வைத்திருக்கும் அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நம் மலைகளில் பூஞ்சை படிவதுபோலச் சமவெளியில் தூசி படியும், இரண்டும் பல மாதங்களாக யாரும் அதைத் தொடவில்லை என்பதையே காட்டும். சென்ற ஆண்டு மாணவர்களின் திட்ட அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். எல்லாமே கணினிப் பாவனையாக, ஒரே மாதிரி வரைபடங்களோடு இருந்தால், அவை ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்கியவையாக இருக்கக்கூடும். இதை எழுதுவது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் நேர்முகத் தேர்வுகளில், தம் ஆய்வேட்டில் உள்ள லேசரின் அலைநீளத்தைச் சொல்லத் தெரியாத மாணவர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன்.

நான் முதுகலை படித்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மைக்கல்சன் குறுக்கீட்டுமானியில் ஹீலியம்–நியான் லேசரை வைத்து, பிரிந்த இரு கதிர்கள் மீண்டும் சேரும்போது தெரியும் ஒளி, இருள் பட்டைகளைக் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் அவை ஒரு நிமிடம்கூட நிற்காமல் அலைந்துகொண்டே இருந்தன. 632.8 நானோமீட்டர் ஒளியில் ஆடி 0.3 மைக்ரான் நகர்ந்தாலே ஒரு பட்டை கடந்துபோகும். அது தலைமுடித் தடிமனில் இருநூறில் ஒரு பங்குதான். ஆறு நாட்கள் திருகாணிகளைத் திருகிப் பார்த்தேன், ஆடியைத் துடைத்தேன், லேசரைக் குறை சொன்னேன். ஏழாம் நாள் இரவு பத்து மணிக்குக் காவலாளி கட்டடத்தின் லிஃப்டை நிறுத்தினார். பட்டைகள் ஆணி அடித்ததுபோல் நின்றன. மேசையின் கால்களுக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டுகளை மடித்து வைத்த பிறகு பகலிலும் ஓரளவு நின்றன. பின்னாளில் எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தது அந்த வாரம்தான் என்று சொல்வேன். அதிர்வை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றுதான் அந்த வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்.

சேர்க்கைக்கான வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்ஸி.க்கு ஜாம் தேர்வு. வழக்கமாக பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுகலைத் தேர்வு. உங்களுக்குப் புதுச்சேரியும் ஐதராபாத்தும் எட்டும் தொலைவில் உள்ளவை. இவை கைகூடாவிட்டால் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துறை இருக்கிறது; வீட்டுக்கு அருகில், கட்டணமும் தாங்கக்கூடியது.

எம்.எஸ்ஸி.யின் இரண்டாமாண்டில், எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை இயற்பியல் தாளில் எழுதுங்கள். ஒளியியலைத் தனியாகப் படிக்கும் வாய்ப்பு அங்கேதான் உண்மையாகத் திறக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யில் பயன்பாட்டு ஒளியியலுக்கும், ஒளி மின்னணுவியல் மற்றும் ஒளியியல் தகவல் தொடர்புக்கும் தனித்தனி எம்.டெக். படிப்புகள் உண்டு, திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒளியியல் பொறியியல் உண்டு, கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு ஒளியியலுக்கும் ஃபோட்டானிக்ஸுக்கும் ஒரு தனித் துறையே இருக்கிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஃபோட்டானிக்ஸ் பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்குள்ள ஐந்தாண்டு எம்.எஸ்ஸி. பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது, உங்களுக்குப் பொருந்துவது ஒளி மின்னணுவியல், லேசர் தொழில்நுட்பத்தில் உள்ள எம்.டெக். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும் என்பதை அப்பாவிடம் தனியாகச் சொல்லுங்கள். மூன்று லட்சம் கட்டிப் படிப்பதற்கும் உதவித்தொகை வாங்கிப் படிப்பதற்கும் இடையில் இருப்பது இரண்டாண்டுப் பொறுமைதான். ஆராய்ச்சிக்குப் போனால் இளநிலை ஆய்வாளர் தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

வெளிநாடு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. லென்ஸ் கணக்குக்கு உலகத்துக்கே வழிகாட்டிய எர்ன்ஸ்ட் அப்பே வாழ்ந்த ஜெர்மனியின் யேனா நகரில், அவர் பெயரிலேயே ஒரு ஃபோட்டானிக்ஸ் பள்ளி இருக்கிறது. அங்கே கல்விக் கட்டணம் பெரும் சுமை அல்ல. ஆனால் விசாவுக்கு முன் ஓராண்டுச் செலவுக்கான தொகையை முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ, நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். மூன்றாண்டு பி.எஸ்ஸி.யை மட்டும் வைத்துக்கொண்டு இப்போதே அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். எம்.எஸ்ஸி. முடித்து முனைவர் பட்டத்துக்குப் போனால் அவர்களே சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்வார்கள்.

கணிதம் சுமார் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கணிதமும் இத்துறைக்கு வேண்டாம், ஆனால் வேண்டியவை மிக ஆழமாக வேண்டும்: கலப்பெண்கள், அணிகள், ஃபூரியர் மாற்றம், மேக்ஸ்வெல் சமன்பாடுகளின் எல்லை நிபந்தனைகள். இவற்றுள் ஃபூரியர் மாற்றத்தைத்தான் மாணவர்கள் அஞ்சுகிறார்கள், ஒளியியலில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால். ஒரு கீற்றணியை (நெருக்கமான இணைக் கீற்றுகள் உள்ள தகட்டை) லேசருக்கு முன்னால் வைத்து, பின்னால் ஒரு குவிலென்ஸ் வைத்தால், லென்ஸின் குவியத்தளத்தில் தெரியும் புள்ளிகள்தாம் அந்தக் கீற்றணியின் ஃபூரியர் மாற்றம். கீற்றுகளை நெருக்கினால் புள்ளிகள் விலகும். இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத் தொகையீட்டைப் போடுங்கள், அது வேறு மாதிரி இருக்கும். தமிழ் வழியில் படித்ததைக் குறையாக எண்ண வேண்டாம். குறுக்கீட்டு விளைவு, விளிம்பு விளைவு, தளவிளைவு என்று படித்த சொற்கள் உங்களுக்குப் பொருளோடு வந்தவை. ஆங்கில நூலைப் படிக்கும்போது ஒவ்வொரு பத்தியையும் உங்கள் சொற்களில் நான்கு வரி எழுதிப் பாருங்கள். எழுத வராத பத்தி, புரியாத பத்தி.

வேலை விஷயத்தில் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன். 'ஃபோட்டானிக்ஸ் பொறியாளர்' என்ற பெயரில் நம் நாட்டில் வரும் விளம்பரங்கள் குறைவு. தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையில் இருக்கும் உங்கள் தோழியின் சம்பளத்தை எட்டாது. வேலை வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது: லென்ஸ் வடிவமைப்பு, இயந்திரப் பார்வை, ஒளி இழைத் தொடர்பு, கண் அறுவைக்கான லேசர் கருவிகளின் பராமரிப்பு, செயற்கைக்கோள் கேமராக்களின் பரிசோதனை. பெங்களூரில் இஸ்ரோவின் மின் ஒளியியல் அமைப்புகள் ஆய்வகமும், டேராடூனில் பாதுகாப்புத் துறையின் கருவி ஆய்வகமும் ஒளியியல் அறிந்தவர்களுக்கே உரியவை. சென்னை ஐ.ஐ.டி.யில் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸுக்கென ஒரு மையம் நடக்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியது, கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்துகிற இந்திய வானியற்பியல் நிறுவனம்தான். சூரிய வட்டைவிடப் பல லட்சம் மடங்கு மங்கலான, சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா என்னும் ஒளிவட்டத்தைப் படமெடுக்க வேண்டியிருந்ததால், ஆடியின் மேற்பரப்பிலிருந்து சிதறும் ஒளியை அடக்குவதே அங்கே பெரும்பாடாக இருந்தது.

ஒளி இழைக்கும் ஒரு கணக்குத் தருகிறேன், பெரியப்பாவோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். 1550 நானோமீட்டர் ஒளிக்கு நல்ல இழையில் ஒரு கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 0.2 டெசிபெல் (பத்து டெசிபெல் இழந்தால் பத்தில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும்). கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். மலையின் வளைவுகளையெல்லாம் கடந்து கீழே போய்ச் சேரும்போது எவ்வளவு ஒளி மிஞ்சும்? ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வர வேண்டும். சன்னல் கண்ணாடியை அத்தனை தடிமனுக்கு அடுக்கினால் சில மீட்டருக்குள்ளேயே இருட்டிவிடும்.

வீட்டருகிலேயே நீங்கள் பார்க்க வேண்டிய ஓர் இடமும் இருக்கிறது. ஊட்டியில் உள்ள காஸ்மிக் கதிர் ஆய்வகத்தின் கிரேப்ஸ்-3 சோதனையில், ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள சுமார் 400 பிளாஸ்டிக் ஒளிர்ப்பான்கள் வெட்டவெளியில் வரிசையாக நிற்கின்றன. வானிலிருந்து வரும் துகள் ஒன்று ஊடுருவும்போது அந்தப் பிளாஸ்டிக்கில் எழும் மிக மெல்லிய ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் பிடிக்கிறது. அந்த பிளாஸ்டிக்கையும் அவர்களே அங்கே செய்கிறார்கள். உங்கள் துறைத்தலைவர் வழியாகக் கடிதம் எழுதிப் பார்வையிட அனுமதி கேளுங்கள்.

அதற்கு முன்னால், தொழிற்சாலைக்கு இலை வராத விடுமுறை நாளில் கலர் சார்ட்டரைத் துடைக்கத் திறப்பார்கள் அல்லவா, அன்று மேலாளரிடம் கேட்டுக்கொண்டு அப்பாவோடு போங்கள். விளக்கின் நிறம் என்ன, கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தூள் படிகிறது, படிந்தால் இயந்திரம் காம்பைத் தூளாகவும் தூளைக் காம்பாகவும் எடுத்துக்கொள்ளத் தொடங்குவது எப்போது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு உங்கள் பேராசிரியரைவிட அப்பா நன்றாகப் பதில் சொல்வார். அந்தக் குறிப்புகளை எனக்கும் அனுப்பினால், எம்.எஸ்ஸி.யில் அதை எப்படி ஒரு சிறு ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.